கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரை: பெல்லந்தூர் ஏரிக்கரையில் யாருமே பார்க்காமல் விட்டது என்ன?

பெங்களூரு பக்கம் நல்ல மழை பெய்தால், ஓரிரு நாளில் ஓசூரிலிருந்து ஒரு வீடியோ வந்துவிடும். கெலவரப்பள்ளி அணையின் மதகுகளுக்குக் கீழே தென்பெண்ணை ஆறு தெரியாது. வெள்ளை வெளேரென்று நுரைதான் மலைபோலக் குவிந்து கிடக்கும். தரைப்பாலத்தை நுரை மூடிவிட, பைக்கில் வந்தவர்கள் பாலம் எங்கே முடிகிறது, ஆறு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் நிற்பார்கள். காற்றடித்தால் துண்டு துண்டாகப் பறந்துபோய்ப் பக்கத்துத் தோட்டத்தில் விழும். பார்க்கப் பனிமூட்டம் மாதிரி இருக்கும். கிட்டப் போனால்தான் வாடை.

இரண்டு நாள் செய்தி ஓடும். "கர்நாடகத் தொழிற்சாலைக் கழிவுகளே காரணம்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். அடுத்த மழைக்கு அதே வீடியோ, அதே வரி.

அந்த வரி பாதிதான் சரி. தொழிற்சாலைக் கழிவு கலப்பது உண்மை. ஆனால் நுரைக்குப் பெரிய காரணம் அதைவிடச் சாதாரணமானது: பெங்களூரு வீடுகளின் குளியலறையிலும் வாஷிங் மெஷினிலும் இருந்து வரும் சோப்புத் தண்ணீர். அது சுத்திகரிக்கப்படாமல் ஏரிக்குள் போனது எப்படி, அந்த ஏரியைச் சுற்றி இத்தனை கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்தபோது தண்ணீரைப் பற்றி யார் கேள்வி கேட்டார்கள் என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

நுரை வரும் வழி

சிக்கபள்ளாப்பூர் பக்கத்து மலைகளில் பிறக்கும் ஆறு கர்நாடகத்தில் தட்சிண பினாகினி. கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் வந்ததும் தென்பெண்ணை. முதல் அணை கெலவரப்பள்ளி. முழுக் கொள்ளளவு 44.28 அடி. இதை நம்பிப் பாசனம் செய்யும் நிலம் சுமார் 8,000 ஏக்கர். தக்காளி, கோஸ், கொத்தமல்லி, ரோஜா என்று ஓசூர்ச் சந்தைக்குப் போகும் பல பயிர்கள் இந்தத் தண்ணீரைச் சுற்றித்தான் விளைகின்றன. அதற்குக் கீழே கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர் பக்கம் கடல்.

மேலே பெங்களூருவில் இந்த ஆற்றுக்குத் தண்ணீர் தருவது ஓர் ஏரித்தொடர். நம் ஊர் ஏரிகளைப் போலத்தான்: ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு. கோரமங்கலா – சல்லகட்டா பள்ளத்தாக்கில் விழும் மழை அல்சூர், அகரம் போன்ற ஏரிகள் வழியாக பெல்லந்தூருக்கு வரும். அங்கிருந்து வர்த்தூர் ஏரி. அங்கிருந்து தட்சிண பினாகினி. ஏரிகளை இணைக்கும் கால்வாய்க்கு அந்த ஊரில் ராஜகால்வாய் என்று பெயர்.

பெல்லந்தூர் சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள, பெங்களூருவின் மிகப் பெரிய ஏரி. மழைநீருக்காக வெட்டிய கால்வாய்களில் நகரம் பெருகப் பெருகச் சாக்கடை ஓட ஆரம்பித்தது. நகரத்தின் மொத்தக் கழிவுநீரில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்த ஒரு ஏரியை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது என்பது பல அறிக்கைகளில் வரும் கணக்கு. 900 ஏக்கர் ஏரி ஒன்று, யாரும் அறிவிக்காமலேயே, ஒரு மாநகரத்தின் கழிவுநீர்த் தொட்டியாக மாறிவிட்டது.

மழைக்கும் நுரைக்கும் என்ன தொடர்பு? இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் இதைத் தொடர்ந்து கவனித்துச் சொல்லும் விளக்கம் சுவாரசியமானது. உள்ளே வரும் சோப்புச் சத்து முழுவதும் உடனே வெளியே போவதில்லை. ஒரு பகுதி, பிராணவாயு இல்லாத அடிச்சேற்றில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் சேர்கிறது. பெருமழை வந்தால் சேறு கலங்கி, ஒட்டியிருந்தது மொத்தமும் தண்ணீருக்கு வருகிறது. அந்தத் தண்ணீர் கலங்கலில் உயரத்திலிருந்து விழும்போது காற்று புகுந்து நுரை பொங்குகிறது. நீரில் மிதக்கும் மண்துகள்கள் நுரையைச் சீக்கிரம் உடையவிடாமல் தாங்கிப் பிடிக்கின்றன. பக்கெட்டில் சோப்புத் தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் நடப்பதுதான் இது. அளவு மட்டும் வேறு.

ஆக, கெலவரப்பள்ளியில் ஒரு மழைநாளில் தெரியும் நுரை அன்றைக்குக் கொட்டியது மட்டுமல்ல. பல மாதச் சேமிப்பு. மழைநாளில் ஆற்றில் மாதிரி எடுத்து, "யார் கொட்டினது?" என்று தேடினால் யாரும் சிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏரி பற்றி எரிந்த கதை

நுரை ஓசூருக்கு வருவதற்கு முன்னால் பெங்களூருவில் ஒரு கட்டத்தில் அது சாலைக்கே வந்தது. 2015 மே மாதம் பெல்லந்தூர் ஏரியின் நுரையில் தீப்பிடித்தது. தண்ணீரில் தீ என்றதும் உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. 2017 பிப்ரவரியில் மறுபடியும் தீ. நகரின் ஒரு பகுதியே புகையில் மூழ்கியது. 2018 ஜனவரியில் மூன்றாவது பெரிய தீயை அணைக்க ராணுவ வீரர்கள் ஆயிரக்கணக்கில் இறங்க வேண்டியிருந்தது. ஆகாயத்தாமரையும் களையும் காய்ந்து கிடக்க, அடியில் கழிவு அழுகி மீத்தேன் வாயு கிளம்ப, கரையில் யாரோ குப்பைக்கு வைத்த நெருப்பே போதுமானதாக இருந்தது.

மூன்று தீக்கும் இடையில் ஏரிக்குப் பொறுப்பான அலுவலகங்கள் இல்லாமல் இல்லை. நிறைய இருந்தன. பிரச்சினையே அதுதான்.

அன்றைய கணக்கை எடுத்துப் பார்க்கலாம். ஏரியின் பராமரிப்பு பெங்களூரு வளர்ச்சி ஆணையத்திடம். கால்வாய்களும் குப்பையும் பெங்களூரு மாநகராட்சியிடம். கழிவுநீர்க் குழாயும் சுத்திகரிப்பு நிலையங்களும் குடிநீர் வாரியத்திடம். தண்ணீரை எடுத்துப் பரிசோதிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கரையோரத் தொழிற்பேட்டை நிலத்தை ஒதுக்கியது தொழிற்பகுதி மேம்பாட்டு வாரியம். 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுப்பது, 2006 அறிவிக்கையின்படி, மாநில அளவிலான இன்னோர் ஆணையம். இவை போதாதென்று ஏரிகளுக்கென்றே 2002-ல் ஓர் ஏரி மேம்பாட்டு அமைப்பு, 2014-ல் தனிச்சட்டத்துடன் இன்னோர் ஆணையம் என்று வந்தன; அந்த 2014 ஆணையமும் சில ஆண்டுகளிலேயே கலைக்கப்பட்டது.

இதில் ஒவ்வொருவரும் தங்கள் வேலையை ஒழுங்காகவே செய்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும் ஏரி பிழைத்திருக்காது. ஏனென்றால் கட்டட அனுமதி கொடுக்கும் மேசையில் வரைபடம் இருக்கும், தளப்பரப்பு இருக்கும், தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இருக்கும். அந்த மாதம் ஏரித் தண்ணீரில் பிராணவாயு எவ்வளவு என்ற தாள் இருக்காது. தண்ணீரைப் பரிசோதிக்கும் வாரியத்திடம் அந்தத் தாள் இருக்கும். ஆனால் "இந்தக் கரையில் இனி கட்டடம் வேண்டாம், சாக்கடைக் குழாய் வந்த பிறகு பார்க்கலாம்" என்று நகரத் திட்டத்தை நிறுத்தும் இடம் அதற்கு இல்லை. 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 33ஏ பிரிவில் ஒரு தொழிற்சாலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டுதான். குடிநீர் வாரியத்தின் மின்சாரத்தை எப்படித் துண்டிப்பது? நோட்டீஸ் அனுப்பலாம். அனுப்புவதும் அரசு அலுவலகம், வாங்குவதும் அரசு அலுவலகம்.

பஞ்சாயத்திடம் இருந்தபோது

பெல்லந்தூர் எப்போதும் நகரமாக இருந்ததில்லை. 2007-ல் மாநகராட்சியை விரித்து 110 கிராமங்களை உள்ளே இழுக்கும் வரை அது ஒரு கிராமப் பஞ்சாயத்து. அதுவும் சாதாரணப் பஞ்சாயத்து இல்லை. 1990களின் இறுதியிலேயே வரி, நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றிப் பேர் வாங்கிய ஊர். அதே காலகட்டத்தில்தான் ஊர்க்காரர்கள், ஏரியில் சாக்கடை விடுகிறார்கள் என்று உயர் நீதிமன்றம் வரை போனார்கள். ஏரித் தண்ணீரில் நெல்லும் காய்கறியும் விளைவித்தவர்கள், மீன் பிடித்தவர்கள், குளித்தவர்கள் அவர்கள்தான். தண்ணீர் நிறம் மாறியதை முதலில் பார்த்ததும் அவர்கள்தான்.

தன் எல்லைக்குள் எந்த வீட்டுக்கு எவ்வளவு வரி என்று கணினியில் காட்ட முடிந்த அந்தப் பஞ்சாயத்தால், எல்லைக்கு வெளியே நகரத்திலிருந்து வரும் சாக்கடையை ஒரு லிட்டர்கூட நிறுத்த முடியவில்லை. கண்காணிக்கிற கண் உள்ளூரில். நிறுத்துகிற கை வேறெங்கோ.

பிறகு ஊர் நகரத்தோடு சேர்ந்தது. பஞ்சாயத்து போனது. வார்டு வந்தது. 74-வது அரசியல் சட்டத் திருத்தம் வார்டு குழுக்களைப் பற்றியும், நிலப் பயன்பாடு, கட்டட ஒழுங்கு, கழிவுநீர் ஆகியவற்றை உள்ளாட்சிகளுக்குத் தருவது பற்றியும் பேசுகிறது. நடைமுறையில் பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்த பிறகு, ஐந்து ஆண்டுகள் கடந்தும் தேர்தல் நடக்கவில்லை. 2025 செப்டம்பரில் அந்த மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்தார்கள். ஏரிக்கரையில் அடுத்த அடுக்குமாடிக்கு அனுமதி கொடுக்கும்போது கை தூக்கிக் கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாத ஐந்து ஆண்டுகள். சின்ன விஷயம் இல்லை.

75 மீட்டரா, 30 மீட்டரா?

ஏரிக்கரைக் கட்டுமானம் என்றாலே பேச்சு உடனே போய் நிற்கும் இடம் இதுதான்: கரையிலிருந்து எவ்வளவு தூரம் விட வேண்டும்?

பெங்களூருவின் 2015 திருத்திய பெருந்திட்டத்தின்படி ஏரிக்கு 30 மீட்டர். பெரிய, நடுத்தர, சிறிய ராஜகால்வாய்களுக்கு முறையே 50, 25, 15 மீட்டர். அகரம் – பெல்லந்தூர் ஏரிகளுக்கு இடையே எழுந்த இரண்டு பெரிய கட்டுமானத் திட்டங்கள் குறித்த வழக்கில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 மே மாதம் இதை மாற்றியது. ஏரிக்கு 75 மீட்டர். கால்வாய்களுக்கு 50, 35, 25. அந்த இரண்டு திட்டங்களுக்கு மட்டுமல்ல, நகரம் முழுவதற்கும்.

கால்வாய்க்கு இரண்டிலும் 50 என்றுதானே இருக்கிறது, என்ன வித்தியாசம் என்று தோன்றலாம். எங்கிருந்து அளப்பது என்பதில் இருக்கிறது. பெருந்திட்டம் கால்வாயின் நடுவிலிருந்து அளக்கிறது. தீர்ப்பாயம் விளிம்பிலிருந்து அளக்கச் சொன்னது. கால்வாய் 20 மீட்டர் அகலம் என்றால் நடுவிலிருந்து 50 மீட்டர் என்பது கரையில் 40 மீட்டர்தான். மீதி 10 மீட்டர் தண்ணீருக்குள்ளேயே போய்விடும். மனை விலை சதுர அடிக் கணக்கில் பேசப்படும் இடத்தில் 10 மீட்டர் என்பது லேசான விஷயமா?

கட்டுமான நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் போயின. 2019 மார்ச் 5-ம் தேதி உச்ச நீதிமன்றம், சட்டப்படி வகுக்கப்பட்ட பெருந்திட்டத்தின் அளவுகளைத் தீர்ப்பாயம் மாற்ற முடியாது என்று கூறி, 75 மீட்டர் உத்தரவை ரத்து செய்தது. பழையபடி 30 மீட்டர்.

சட்டப்படி பார்த்தால் இதில் குறை சொல்வது கஷ்டம். ஊருக்கான திட்டத்தைத் தீர்ப்பாயம் எழுதக் கூடாது. அதை எழுத வேண்டியவர்கள் எழுத வேண்டும். எழுத வேண்டியவர்கள் எழுதவில்லை என்பதுதானே வழக்கே! மூன்று ஆண்டுகள் நகரமே 75-ஆ 30-ஆ என்று சண்டை போட்டது. அந்த மூன்று ஆண்டுகளில் ஏரி இரண்டு முறை எரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இடைவெளி தேவைதான், வெள்ளநீர் பரவவும், மண் அரிப்பு நேராக ஏரிக்குள் இறங்காமல் இருக்கவும், பறவைகளுக்கும் அது வேண்டும். ஆனால் நுரைக்கு அது மருந்தல்ல. கரையிலிருந்து 75 மீட்டர் தள்ளிக் கட்டிய வீட்டின் சோப்புத் தண்ணீர் 30 மீட்டர் தள்ளிக் கட்டிய வீட்டினுடையதைவிட எந்த விதத்திலும் சுத்தமானது அல்ல. பத்து கிலோமீட்டர் தாண்டி இருக்கும் வீட்டின் சாக்கடையும் ராஜகால்வாய் வழியாக ஏரிக்கு வந்துவிடும். கரை ஓரத்தில் நின்று டேப் பிடித்து அளப்பது கண்ணுக்குத் தெரிகிற வேலை. குழாய் எங்கே போய் முடிகிறது என்று தேடுவது தெரியாத வேலை. முன்னதற்கு வழக்கு, தலைப்புச் செய்தி எல்லாம் கிடைக்கும்.

'இ' தரம் என்றால் பாஸா, ஃபெயிலா?

ஏரித் தண்ணீரைச் சோதிக்கிறார்களே, அந்த முடிவில் என்னதான் இருக்கும்? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை வைத்து நீரை ஏ முதல் இ வரை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத் தகுந்த மூலநீர் ஏ. குளிக்க பி. முறையாகச் சுத்திகரித்த பிறகு குடிக்க சி. மீன், விலங்குகளுக்கு டி. பாசனத்துக்கும் தொழிற்சாலை இயந்திரங்களைக் குளிர்விக்கவும் இ.

குளிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 5 மி.கி. பிராணவாயு கரைந்திருக்க வேண்டும். கழிவின் சுமையைக் காட்டும் பிஓடி 3 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. மீன் வாழ பிராணவாயு குறைந்தது 4 மி.கி. வேண்டும். அடுத்து இ-க்கு வாருங்கள். அமில காரத்தன்மை, உப்பு, சோடியம் விகிதம், போரான் ஆகியவை மட்டும்தான் அளவுகோல். பிராணவாயு எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. மலக்கிருமி எவ்வளவு என்ற கேள்வியும் கிடையாது. நுரை வருமா என்ற கேள்வி எந்தத் தரத்திலும் இல்லை.

அதாவது மீன் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும் ஓர் ஏரி, நாற்றமடிக்கும் ஓர் ஏரி, காகிதத்தில் 'பாசனத்துக்கு ஏற்றது' என்று வந்துவிட முடியும். "தண்ணீர் இ தரத்தில் உள்ளது" என்று ஓர் அறிக்கை சொன்னால் அது நற்சான்று மாதிரி ஒலிக்கும். அந்தத் தண்ணீரில் கணுக்கால் மூழ்க நின்று நாற்று நடுகிறவருக்கு அரிப்பு வருமா, அந்தக் கொத்தமல்லியைப் பச்சையாகச் சட்னி அரைக்கலாமா என்பதற்கு அதில் பதில் இல்லை. ஓசூர் விவசாயிகள் கேட்பது இந்த இரண்டு கேள்விகளைத்தான்.

அபராதம் போட்டார்கள், தூர் வாரினார்கள். அப்புறம்?

2018 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு ரூ.50 கோடி, பெங்களூரு மாநகராட்சிக்கு ரூ.25 கோடி என்று அபராதம் விதித்தது. ஏரிகளை மீட்கும் செலவுக்கு ரூ.500 கோடியைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்கவும் உத்தரவிட்டது. கண்காணிக்க உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் குழு. மக்கள் வரிப்பணத்தை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுவதுதான் அரசுக்குப் போடும் அபராதம் என்ற கிண்டல் இருந்தாலும், அதற்குப் பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. பெல்லந்தூரிலும் வர்த்தூரிலும் தண்ணீரை வடித்துத் தூர் வார ஆரம்பித்தார்கள்.

தூர் வார ஏரி காலியாக இருக்க வேண்டும். காலியாக்க, வரும் சாக்கடையை ஏரிக்குள் விடாமல் ஓரமாகக் கால்வாய் வெட்டித் திருப்பி விட வேண்டும். அப்படித்தான் செய்தார்கள். திருப்பிய தண்ணீர் எங்கே போகும்? கீழே. முன்பு 900 ஏக்கரில் தேங்கி, கொஞ்சம் படிந்து வந்த கழிவு, இப்போது ஏரியைச் சுற்றிக்கொண்டு ஆற்றை நோக்கி ஓடியது. பெல்லந்தூர் பாலத்தில் செல்ஃபி எடுத்த நுரை காணாமல் போக, கெலவரப்பள்ளி வீடியோக்கள் மட்டும் நின்றபாடில்லை.

கழிவுநீரின் இன்னொரு பங்கு 2018 முதல் வேறு திசையில் போகிறது. சுத்திகரித்த நீரை நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்கு பம்ப் செய்யும் திட்டம். ஆரம்பித்த சில வாரங்களிலேயே கோலாரின் லட்சுமிசாகர் ஏரியில் நுரை பொங்க, விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. நல்ல யோசனைதான், ஆனால் இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு நிறுத்தினால் சோப்பில் இருந்து வரும் பாஸ்பரஸ் பெருமளவு அப்படியே தண்ணீரில் தங்கிவிடும். ஆகாயத்தாமரைக்கு அதுதான் உரம்.

தமிழ்நாடும் கர்நாடகமும் தென்பெண்ணைக்காக உச்ச நீதிமன்றத்தில் மோதியிருக்கின்றன. 2018-ல் தமிழ்நாடு போட்ட வழக்கின் மையம், மார்க்கண்டேய நதியில் யார்கோளில் அப்போது கட்டப்பட்டுவந்த அணையும் அதனால் குறையும் தண்ணீரும். 2019 நவம்பரில் தடை கோரிய மனு தள்ளுபடியானது. தீர்ப்பாயம் அமைப்பது பற்றிய பேச்சு தொடர்ந்தது. எவ்வளவு தண்ணீர் என்பதற்கு இவ்வளவு வழக்கு. எப்படிப்பட்ட தண்ணீர் என்பதற்கு ஒவ்வொரு மழைக்கும் ஒரு கண்டன அறிக்கை.

ஜக்கூரில் வேறு மாதிரி

இதே பெங்களூருவின் வடக்குப் பகுதியில் ஜக்கூர் ஏரி இருக்கிறது. அதற்கும் சாக்கடைதான் வந்தது. ஏரிக்கு மேலேயே நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் கொள்ளளவில் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். அதிலிருந்து வரும் நீர் நேராக ஏரிக்குள் போகாது. நாணலும் சம்பும் வளர்த்த ஒரு சதுப்பு வழியாக மெதுவாக வடிந்து போகும். இயந்திரம் விட்டுவைத்த சத்துகளில் ஒரு பகுதியைச் செடிகள் எடுத்துக்கொள்ளும். ஏரியில் மீன் பிடிக்கிறார்கள், பறவைகள் வருகின்றன.

தொழில்நுட்பத்தைவிடக் கவனிக்க வேண்டியது, அங்கே காலையில் நடக்கப் போகிறவர்களும் மீனவர்களும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது. நிறமோ வாடையோ மாறினால் மேலே இருக்கும் ஒரே நிலையத்துக்குப் போய்க் கேட்க முடிந்தது. யாரைக் கேட்பது என்று தெரிந்திருந்தது. சர்ஜாபூர் சாலையில் உள்ள கைகொண்டரஹள்ளி ஏரியும் ஊர்க்காரர்களும் மாநகராட்சியும் சேர்ந்து மீட்டதுதான். இரண்டும் பெல்லந்தூரைவிட மிகச் சிறியவை. அங்கே செய்ததை அப்படியே 900 ஏக்கருக்குப் பெருக்கிவிட முடியாது. ஆனால் பெல்லந்தூருக்கு மேலே இருப்பவை எல்லாம் சின்ன ஏரிகள்தானே? ஒவ்வொன்றும் தன் வரத்துக் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் கீழே இவ்வளவு சேர்ந்திருக்காது.

ஓசூர் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது?

இங்கேதான் கதை கொஞ்சம் சங்கடமாகிறது. ஓசூர் 2019-ல் மாநகராட்சியானது. 2024-ல் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டப்பேரவையில் அறிவிப்பு வந்தது. எலெக்ட்ரானிக்ஸ், மின்வாகன ஆலைகள் வந்து, அடுக்குமாடிகளும் மனைப்பிரிவுகளும் அதன் பின்னாலேயே வருகின்றன. வெளிவட்டச் சாலை வந்தபோது பெல்லந்தூர் எப்படி இருந்ததோ, ஏறக்குறைய அந்தக் கட்டம்.

ஊருக்குள்ளேயே ராமநாயக்கன் ஏரி, சந்திராம்பிகை ஏரி என்று நீர்நிலைகள் உண்டு. தமிழ்நாட்டில் பொதுவான வழக்கம், 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறைக்கு, சின்னவை உள்ளாட்சிக்கு. ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மனைப்பிரிவுக்கு அனுமதி நகர ஊரமைப்புத் துறை. தண்ணீர்ப் பரிசோதனை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பாதாளச் சாக்கடை மாநகராட்சி. மேலே பெங்களூருவுக்குப் போட்ட பட்டியலைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பெயர்கள்தான் வேறு. இன்னொரு கஷ்டம், 2007 சட்டம் ஏரியின் நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. நீர் கெட்டால், எல்லைக் கல் மட்டும் அப்படியே நின்றால், அந்தச் சட்டத்துக்கு வேலை இல்லை.

கிருஷ்ணகிரி அணைத் தண்ணீரில் விவசாயம் செய்கிறவருக்கு மேலே இருக்கிற ஊர் பெங்களூரு மட்டுமல்ல, ஓசூரும்தான். பெங்களூருவிடம் தமிழ்நாடு கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டாக வேண்டும்: கொடியாளத்தில் மழைக்கு முன்பும் பின்பும் இரு மாநில வாரியங்களும் சேர்ந்து மாதிரி எடுப்பது, சோப்புச் சத்தையும் பாஸ்பரஸையும் சேர்த்து அளப்பது, முடிவை இரண்டு மொழியிலும் வெளியிடுவது. ஆனால் அதே தாளை ஓசூர் தன் ஏரிகளுக்கு வெளியிடாமல் இதைக் கேட்டால் எதிர்த்தரப்பு சிரிக்கும்.

செய்ய முடியாத காரியமும் அல்ல. தமிழ்நாட்டில் நகர்ப்புற வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022-ல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைக் கூட்டங்களும் நடந்தன. பெரும்பாலும் தெருவிளக்கு, குப்பை வண்டி, சாலை என்று பேசிவிட்டுக் கலையும் கூட்டங்கள். அதே கூட்டத்தில் அந்த வார்டின் ஏரித் தண்ணீர்ப் பரிசோதனை முடிவைப் படிப்பதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். ஏரியின் வரத்துக் கால்வாயை ஒட்டி ஒரு மனைப்பிரிவோ அடுக்குமாடியோ விண்ணப்பித்தால், அதன் கழிவுநீர் எந்தக் குழாயில், எந்த நிலையத்துக்குப் போகும், அந்த நிலையத்தில் இடம் மிச்சம் இருக்கிறதா என்பதை எழுத்தில் சபை முன் வைக்கச் சொல்லலாம். பதில் வராத கோப்பு நகரக் கூடாது. சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருப்பதாகச் சொல்லும் பெரிய குடியிருப்புகள் அதை உண்மையில் இயக்குகின்றனவா, இல்லை மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் கால்வாயில் திறந்துவிடுகின்றனவா என்பதை வாரிய அதிகாரியைவிடப் பக்கத்துத் தெருக்காரருக்குத்தான் முதலில் தெரியும்.

இது முதலீட்டை விரட்டிவிடும் என்று ஒரு வாதம் வரும். பெங்களூருவில் ரூ.500 கோடி ஒதுக்கச் சொன்னது ஏரியை அழகாக்க அல்ல. விட்டதைத் திரும்பப் பிடிக்க. குழாய் போடுவது கட்டடம் எழும் முன்பு மலிவு. பின்பு, பல வருடச் சேற்றை லாரி லாரியாக அள்ளி, அதைக் கொட்ட இடம் தேடி, அந்த இடத்துக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, அதற்கும் ஒரு வழக்கு நடக்கும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது கெலவரப்பள்ளியில் மதகு திறப்பார்கள்; கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடுவார்கள். எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்ற எண் அன்றைக்கே எல்லோருக்கும் கிடைக்கும். அதே அறிவிப்பில், அதற்குப் பக்கத்திலேயே, அன்றைய தண்ணீரில் பிராணவாயு எவ்வளவு என்ற இன்னோர் எண்ணையும் போட இன்னும் ஒரு வரிதான் தேவை.